வெள்ளித் தகட்டில் மலைமுகடு எழ என்ன செய்வது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சிறு பட்டறை வைத்து வெள்ளி நகைகள் செய்து வருகிறேன். ஆள் நடமாட்டமற்ற பாறைச் சரிவுகளும் வறண்ட ஆற்றுப்படுகைகளும் மணல்மேடுகளும் என் மனத்துக்கு நெருக்கமானவை. அவற்றை நகையில் கொண்டுவர முயன்றால், முக்கோண மலையும் அலைக்கோடும் கொண்ட பொம்மைப் பதக்கங்களாகவே முடிகின்றன. தகட்டைச் சூடேற்றிச் சுருக்கம் வரவழைக்கும் முறையைக் கேள்விப்பட்டு, கலப்பே இல்லாத 99.9 வெள்ளித் தகட்டில் செய்து பார்த்தேன். நெடுநேரம் வழவழப்பாகவே இருந்த தகடு திடீரென்று உருகி ஓட்டை விழுந்துவிட்டது. என் கைதான் சரியில்லையா?

பதில்: உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. தூய்மையான வெள்ளியே சிறந்தது என்று எண்ணித் தகட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. தூய வெள்ளி ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸில், ஒரே வெப்பநிலையில் உருகும்; அதற்குக் கீழே அது திடமாகவே இருப்பதால், எந்த முன்னறிவிப்பும் தராமல் உங்கள் தகடு ஓடிவிட்டது. நீங்கள் விரும்பும் சுருக்கங்களுக்குச் செம்பு வேண்டும். 92.5 பங்கு வெள்ளியும் 7.5 பங்கு செம்பும் சேர்ந்த கலவை 800 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கி, 890 டிகிரிக்குச் சற்று மேலேதான் முழுவதும் உருகி முடிகிறது. இந்த இடைவெளிதான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள 92.5 தகட்டை மங்கிய செந்நிறம் வரும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் போடுங்கள். சூட்டில் மேற்பரப்பிலுள்ள செம்பு கறுத்து ஆக்சைடாக மாறும். அந்தக் கறுப்பை அமிலம் கரைத்துவிட, தூய வெள்ளியாலான மெல்லிய தோல் மட்டும் மேலே மிஞ்சும். இதை ஐந்தாறு முறையாவது திரும்பத் திரும்பச் செய்தால் அந்தத் தோல் கெட்டிப்பட்டு, தகடு சுண்ணாம்பு போல் வெளுத்துவிடும். அந்த வெண்மையைத் தேய்த்து மெருகேற்றிவிடாதீர்கள். மேலே எழப்போகும் நிலம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கரைசலில் இரும்புக் குறடு படக்கூடாது. பட்டால் கரைந்த செம்பு வெள்ளியின் மேல் சிவப்பாகப் படிந்துவிடும்.

பிறகு தகட்டின் அடியிலுள்ள சூளைக்கல்லையும் நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, ஊதுகுழலின் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திச் செல்லுங்கள். உள்ளிருக்கும் கலவை முதலில் உருகும். மேல்தோல் உருகாமல் தாங்கி நிற்கும். சுடர் விலகியதும் உட்பகுதி உறைந்து சுருங்க, அதோடு இழுபட்ட தோல் முகடுகளாகவும் பள்ளங்களாகவும் மடியும். நிலத்தின் மேலோடு நெருக்குண்டு மடிந்ததால் எழுந்த மலைத்தொடர்கள் பல உண்டு. இரண்டும் ஒரே நிகழ்வல்ல என்றாலும், உங்கள் கைக்கடியில் தகடு மடிவதைக் கண்ணால் பார்த்த பிறகு முக்கோண மலை வரைய உங்களுக்கு மனம் வராது என்றே நம்புகிறேன்.

உங்கள் பதக்கங்கள் பொம்மைபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது: நிலத்தின் வெளிக்கோட்டை வரைகிறீர்கள், அந்த நிலம் எப்படி உருவானது என்பதை விட்டுவிடுகிறீர்கள். காற்று குவித்த மணல்மேட்டைப் பாருங்கள். காற்று வரும் பக்கம் சரிவு மென்மையாகவும், மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். இருபுறமும் ஒரே சரிவாக அரம் போட்டால் அது வெறும் அலைக்கோடு. ஒரு பக்கத்தைச் சரியவிட்டால் அங்கே காற்றின் திசை வந்துவிடும். மணல்மேட்டுக்குக் கணவாய் மீனின் ஓட்டில் வார்ப்பதும் மிகப் பொருத்தமானது. அதன் மென்மையான உட்பக்கத்தில் உருவத்தைக் குடைந்து, மிருதுவான தூரிகையால் வருடினால் அடுக்குக் கோடுகள் மேலெழும். உருக்கிய வெள்ளி அந்தக் கோடுகளை அப்படியே ஏற்கும். ஓடு சற்றும் ஈரமின்றிக் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீராவி வெள்ளியைத் தெறிக்கவிடும். ஓர் ஓட்டில் ஒரே ஒரு வார்ப்புதான் வரும். எனவே ஒவ்வொன்றும் தனித்ததாகவே இருக்கும்.

சுருங்கிய தகடு அழகாக இருந்தாலும் பலவீனமானது. அதில் நுண்துளைகள் இருக்கும், வளைத்தால் விரிசல் விடும், பற்றவைக்கும்போது பற்றாசுப் பொடியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மோதிரத்துக்கு அதை நேரடியாகப் பயன்படுத்த நான் பரிந்துரைக்கமாட்டேன். தோடு, பதக்கம் போன்று அடிபடாத நகைகளுக்கு, கெட்டியான பின்தகட்டின் மேல் விளிம்பு கட்டிப் பொருத்துங்கள்.

பள்ளங்களுக்கு நிழல் வேண்டுமென்றால் கந்தகக் கரைசலில் நனைத்துக் கறுப்பேற்றி, முகடுகளை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கலாம். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். அந்தக் கரைசலில் அமிலம் கலந்துவிட்டால் நச்சுவாயு எழும், எனவே முன்பு பயன்படுத்திய சிட்ரிக் கரைசலைத் தொலைவில் வையுங்கள். அணிபவரிடம் அந்தக் கறுப்பு அழுக்கல்ல என்பதையும், வெள்ளியை வெளுக்க வைக்கும் கரைசல்களில் நகையை நனைக்கக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முயற்சியில் தகட்டை நகையின் வடிவத்துக்கு முன்கூட்டியே வெட்டாதீர்கள். உள்ளங்கையளவு தகட்டை முழுதாகச் சுருங்கவிட்டு, ஆறிய பிறகு, ஒரு தாளில் பதக்கத்தின் அளவுக்குச் சாளரம் வெட்டி அதன் மேல் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓரிடத்தில் நீங்கள் நடந்து பார்த்த சரிவு ஒன்று அந்தச் சாளரத்துக்குள் வந்து நிற்கும். அந்த இடத்தில் கோடு போட்டு அறுத்தெடுங்கள்.