பழைய கேம் விளையாட எமுலேட்டரா, பெட்டியா?

கேள்வி: தொண்ணூறுகளில் வாங்கிய 8-பிட் டிவி கேம் பெட்டியும் சில கேசட்டுகளும் இருக்கின்றன. புது எல்.இ.டி. டிவியில் மாட்டினால் படம் நடுங்குகிறது. பட்டனை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் மரியோ குதிக்கிறான். பழைய பெட்டியைப் போலவே கணினியில் கேமை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டருக்கு மாறிவிடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, டிவியில். அன்று இங்கே விற்ற 8-பிட் டிவி கேம்களில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். ஒவ்வொரு படத்தையும் 240 வரிகளில் முழுதாக அனுப்பும். டியூப் டிவி, வரி வந்தவுடனே வரைந்துவிடும். புது டிவியோ, இதைப் பாதிப்பாதியாக வரும் ஒளிபரப்பு என்று எண்ணி இரண்டு படங்களைச் சேர்த்துத் தைக்கப் பார்க்கிறது. நடுக்கமும் தாமதமும் அங்கேதான் பிறக்கின்றன. நொடிக்கு 50 படம் அனுப்பும் (50 ஹெர்ட்ஸ்) பெட்டியில் ஒரு படத்துக்கு 20 மில்லி விநாடி. நான்கைந்து படம் பிந்தினால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

முதலில் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோடு' அமைப்பைப் போட்டுப் பாருங்கள். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் மலிவு டப்பா வேண்டாம். அதுவும் இதே தவற்றைத்தான் செய்யும். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற லைன் டப்ளர், படத்தைப் பிடித்து வைக்காமல் வரிகளை மட்டும் இரட்டித்து அனுப்பும். சில டிவிகள் அந்த சிக்னலை ஏற்பதில்லை, சோதித்துவிட்டு வாங்குங்கள். ஓ.எஸ்.எஸ்.சி. என்ற இன்னொரு லைன் டப்ளரும் நல்ல கருவிதான், ஆனால் மஞ்சள் பின்னில் வரும் காம்போசிட்டை எடுக்காது. டியூப் டிவி ஒன்று கிடைத்தால் இவை எதுவுமே தேவையில்லை.

கேசட் எடுக்காவிட்டால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து, இருபுறமும் உள்ள 60 பின்களைத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். அடாப்டர் மாற்றும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. அசல் ஃபேமிகாமுக்கு பின்னின் நடுவில் மைனஸ். நகல்களும் அப்படியே இருக்கும் என்று நம்பாமல், பெட்டியின் அடியில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: கணினியில் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளைப் போட்டேன். கேம் சரியாக ஓடுகிறது, ஆனால் கைக்கு ஒட்டவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: புளூடூத்தை விட்டுவிட்டு கன்ட்ரோலரை யு.எஸ்.பி. வயரில் இணையுங்கள். பிறகு, கேமைச் சில படங்கள் முன்கூட்டியே ஓட்டித் தாமதத்தைக் குறைக்கும் 'ரன்-அஹெட்' வசதி. கேம் ஓடும்போது விசைப்பலகையில் 'பி' அழுத்தி நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே 'கே'யை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். எத்தனையாவது தட்டில் பாத்திரம் அசைகிறதோ, அதில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணை அமைப்புகளின் லேட்டன்சி (தாமதம்) பகுதியில் ரன்-அஹெட்டுக்குக் கொடுங்கள். இரண்டாவது தட்டில் அசைந்தால் 1. ஆசைப்பட்டு எண்ணைக் கூட்டினால் அசைவின் தொடக்கமே வெட்டுப்பட்டு, பாத்திரம் தாவித் தாவி நகரும். எல்லா கேமுக்கும் ஒரே எண் பொருந்தாது. சரியாக அமைத்தால், கேமுக்குள்ளேயே இருக்கும் தாமதமும் இதில் போய்விடும். அசல் பெட்டியால்கூட முடியாத காரியம் இது.

கேள்வி: எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை மாற்றி அமைக்கக்கூடிய சில்லு) என்றால் அசல் பெட்டியேதான் என்கிறார்களே, அந்தச் சில்லில் பழைய கேம்களை ஓட்டும் மிஸ்டர் கருவிக்குச் செலவு செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: அசல் அல்ல. பழைய சில்லுகளின் சுற்றை ஒருவர் ஆராய்ந்து எழுத, எஃப்.பி.ஜி.ஏ. சில்லு அதன்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. எழுதியவர் விட்ட பிழை இங்கேயும் இருக்கும். மிஸ்டரின் அடிப்படை டி.இ.10-நானோ போர்டு; அதோடு 128 எம்.பி. எஸ்டிரேம் (நினைவக) பலகை வாங்காமல் தொடங்காதீர்கள். எதையும் திருகாமலே தாமதம் மிகக் குறைவாக இருப்பதும், டியூப் டிவிக்கு அனலாக் சிக்னல் கொடுப்பதும் இதன் பலம். ஆனால் உங்கள் கேசட்டை இதில் செருக முடியாது. ப்ளேஸ்டேஷன் 1, நிண்டெண்டோ 64 வரைதான் எட்டும். ப்ளேஸ்டேஷன் 2, ட்ரீம்காஸ்ட் விளையாட எமுலேட்டர்தான் வழி. டியூப் டிவி இல்லாதவர் முதலில் எமுலேட்டரைச் சரியாக அமைத்துப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: வாத்து சுடும் துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் ஏன் வேலை செய்யவில்லை? (வாசகர், வேலூர்)

பதில்: விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சென்சார் அந்த ஒளியை அதே நொடித்துளியில் தேடுகிறது. எல்.இ.டி. டிவியில் கட்டம் பிந்தி வருகிறது. டியூப் திரை வரிவரியாக வரையும்போது எழும் ஒளித் துடிப்பும் அதில் இல்லை. அந்த விளையாட்டு வேண்டுமானால் டியூப் டிவியை எடைக்குப் போடாதீர்கள்.