பிசிறு, பிசையாதே

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் சின்னதுதான், ஆனால் தினமும் எரிச்சல் தருகிறது.

எங்கள் வீட்டில் மாலை 6 மணிக்குப் போடும் டிவியை இரவு 10 மணிக்குத்தான் அணைப்போம். காதில் விழுகிற தமிழைக் கேட்க முடியவில்லை. தொகுப்பாளர்கள் வாயைத் திறந்தால் 'பார்த்தீங்கன்னா'. ஒரு நாள் அரை மணி நேரச் சமையல் நிகழ்ச்சியில் எண்ணிப் பார்த்தேன், 41 தடவை! செய்தியைப் போட்டால் எல்லாமே 'என்பது குறிப்பிடத்தக்கது'. பாட்டுப் போட்டியில் யார் பாடினாலும் 'வேற லெவல்'. என் 9 வயது மகள் நேற்று தோசையைச் சாப்பிட்டுவிட்டு 'வேற லெவல்மா' என்கிறாள்.

என் மாமியாருக்கு இதெல்லாம் உறைப்பதே இல்லை. டிவியோடு பேசிக்கொண்டேதான் பார்ப்பார். சீரியலில் வருகிறவர்களைச் சொந்தக்காரர்கள் போலத் திட்டுவார். சமையல் சொல்கிற பெண் 'மாவை நல்லா மிக்ஸ் பண்ணிக்கோங்க' என்றால், இவர் இங்கிருந்து 'மிக்ஸு என்ன மிக்ஸு, பிசிறணும்டி' என்று சண்டைக்குப் போவார். அதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு 38 வயது. இந்த எரிச்சல் நியாயமானதா, வயதாவதால் வருவதா? மகளின் தமிழ் கெடாமல் இருக்க டிவி இணைப்பையே எடுத்துவிடலாமா? என் கணவர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

எம்., சேலம்

*

அன்புள்ள எம்.,

'பிசிறணும்டி' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் வந்ததும் மேலே படிக்காமல் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வெளிநாட்டில் படிக்கப் போயிருக்கும் என் தங்கை மகள் கேழ்வரகு புட்டுக்குச் செய்முறை கேட்டிருந்தாள். எங்கள் பெரியம்மா செய்த மாதிரியே வேண்டுமாம். உட்கார்ந்து எழுதினேன். மாவை வாசம் வரும்வரை வறுக்கவும். சரி. உப்புத் தண்ணீர் தெளிக்கவும். சரி. அப்புறம்? 'கலக்கவும்' என்று எழுதினேன். தப்பு, கலக்குவது தண்ணீரை. அடித்துவிட்டுப் 'பிசையவும்' என்று எழுதினேன். பிசைந்தால் சப்பாத்தி மாவு ஆகிவிடும், புட்டு கல்லாகும். விரல் நுனிகள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், கை இப்போதும் அதைச் செய்கிறது. அதன் பெயர் மட்டும் நாக்குக்கு வரவில்லை. நாலைந்து நாள் அந்தக் காகிதம் மேஜையிலேயே கிடந்தது. பிறகு சேலத்தில் உங்கள் மாமியார் டிவியைப் பார்த்துச் சொன்னது இங்கே வந்து சேர்ந்தது. பிசிறணும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். 'வேற லெவல்' பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தை தோசை நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. இன்னொரு தோசை போட்டிருக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் மொழியைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள். 'என்பது குறிப்பிடத்தக்கது' செய்தி எழுதுகிறவர்கள் பழைய விவரத்தைப் புதிய செய்தியோடு ஒட்டப் பயன்படுத்தும் பசை. சோம்பல்தான், ஆனால் அதனால் எந்தச் சொல்லும் சாகவில்லை. விட்டுவிடுங்கள்.

'பார்த்தீங்கன்னா' விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் வருத்தம். 41 என்று எண்ணியிருக்கிறீர்களே, ஒரு பெண் மூச்சு வாங்குவதையா உட்கார்ந்து எண்ணுவது? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதில் செய்தி வாசித்தவர்களின் தமிழை இன்றும் எல்லோரும் புகழ்கிறோம். அவர்கள் கையில் எழுதிவைத்த தாள் இருந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது, பின்னாலேயே மற்ற சேனல்களும் வந்தன. அதற்குப் பிறகுதான் தாளே இல்லாமல், கேமரா முன்னால் நின்று, நேயரோடு போனில் பேசிக்கொண்டே நிகழ்ச்சி நடத்தும் வேலை பெருகியது. அப்படிப் பேசுகிறவருக்கு அடுத்த வாக்கியம் வந்து சேரும்வரை கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். வீட்டில் நாம் 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றேன்னா' என்று இழுப்பதும் அதற்குத்தான். நீங்கள் அரை மணி நேரம் தாளில்லாமல் பேசிப் பாருங்கள், உங்கள் மகளை எண்ணச் சொல்லுங்கள்.

நீங்கள் எண்ணியிருக்க வேண்டிய சொல் 'பண்ணு'. அதே அரை மணி நேரத்தில் வெங்காயத்தைக் கட் பண்ணி, இஞ்சியைக் கிரஷ் பண்ணி, எண்ணெய் ஆட் பண்ணி, மசாலாவை ஃப்ரை பண்ணி, உப்பு ஆட் பண்ணி, மல்லித்தழை ஆட் பண்ணி, எல்லாவற்றையும் மிக்ஸ் பண்ணியிருப்பார்கள். ஆட் பண்ணு, ஆட் பண்ணு என்று எத்தனை முறை! எண்ணெய்க்கு 'விடு' இருக்கிறது. உப்புக்குப் 'போடு'. மல்லித்தழைக்குத் 'தூவு', கறிவேப்பிலைக்குக் 'கிள்ளிப் போடு', மாவுக்குத் தண்ணீர் 'தெளி', குழம்புக்குப் புளித்தண்ணீர் 'ஊற்று'. ஒவ்வொன்றிலும் கை வேறு மாதிரி அசைகிறது, வந்து விழும் அளவும் வேறு. தெளி என்றால் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம், அளவு அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆட் பண்ணு என்றால் கரண்டிக் கணக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இது எனக்குத் தெரிந்தது 1983இல். அப்போது எனக்கு 11 வயது. மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் கிராமம். தங்கை பிறக்கும் சமயம், அம்மா ஆஸ்பத்திரியில். சமைத்துப்போட வந்த பெரியம்மா வந்த மறுநாளே கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. கூடத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டார். அடுப்படியில் நான் மட்டும். நடுவில் ஒரு சுவர். நான் செய்வது அவருக்குத் தெரியாது, அவர் கையை நான் பார்க்க முடியாது. பதினெட்டு நாள் அந்த வீட்டில் குரலை வைத்தே சமையல் நடந்தது.

'வெங்காயத்தை அரி. நறுக்காத, அரி.' அரிந்தால் மெல்லிசாக வரும், நறுக்கினால் துண்டு துண்டாக வரும். 'பூண்ட நசுக்கு, அரைச்சிடாத.' 'மிளகாயக் கீறிப் போடு.' கிள்ளிப் போட்டால் விதை கொட்டிக் காரம் ஏறும் என்பது நான் கிள்ளிப் போட்ட அன்றைக்குப் புரிந்தது. 'புளியக் கரை.' 'கத்திரிக்காய வதக்கு.' கொஞ்ச நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பிறகு, 'சுருங்கிட்ச்சா? அப்ப ஊத்து.' களி கிண்டிய நாளில் அடிபிடித்தது. வாசனை அவருக்குப் போய்விட்டது. 'கிண்டச் சொன்னேன், நீ கிளறிக்கிட்டு இருக்க' என்றார். கிளறுவது மேலோட்டமான கை. கிண்டுவது துடுப்பைப் பிடித்து அடிவரை போகும் கை. அடுப்படிக்குள் வராமலேயே, நான் எந்த வினையைச் செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, என் உள்ளங்கையில் தன் விரல் நுனிகளை ஓட்டிக் காட்டியது ஒரே ஒரு வினைக்குத்தான், புட்டு மாவுக்கு. 'பிசிறு, பிசையாத' என்றார். 'கையில புடிச்சா நிக்கணும், விட்டா உதிரணும்.'

இப்போது டிவியைப் பாருங்கள். அங்கே சுவர் இல்லை. கை தெரிகிறது, வாணலி தெரிகிறது, வெங்காயம் எவ்வளவு மெல்லிசு என்பது தெரிகிறது. வினை செய்ய வேண்டிய வேலையைக் கேமரா செய்துவிடுகிறது. அதனால் வாய் எதையாவது சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது, 'பண்ணு' வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்றோ, அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் என்றோ திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் வீட்டில் தன் குழந்தையிடம் 'கிண்டு' என்றுதான் சொல்வார்.

'பண்ணு' என்ற சொல்லின்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அது பழைய சொல், அழகான சொல். சிலப்பதிகாரத்தில் கானல்வரி தொடங்கும்போது மாதவி யாழைக் கையில் வாங்கி எட்டு விதமாகத் தடவி, தட்டி, ஆராய்ந்து பார்க்கிறாள். அந்த எட்டில் முதலாவதன் பெயர் 'பண்ணல்'. இன்றைக்கு அது செய்யும் வேலை வேறு. தியானி, அனுபவி, விசாரி, பிரார்த்தி என்று வடமொழியிலிருந்து வந்தவற்றுக்குத் தமிழ் வால் ஒட்டி நம் வினையாகவே ஆக்கிக்கொண்டோம். ஆங்கில வினையை அப்படி ஆக்க முடியவில்லை. 'கட்டினான்' என்றால் வெட்டினான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஆங்கில வினையைப் பெயர்போல நிறுத்தி, பின்னால் பண்ணு வைக்கிறோம். போன் பண்ணு என்பதில் என்ன குறை? போன் வந்தபோது அதற்கு நம்மிடம் வினை இல்லை. இலங்கை நண்பர்கள் 'கோல் எடுக்கிறேன்' என்பார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாத இடத்தில் வந்தது வரட்டும். அரி, நறுக்கு, வெட்டு, சீவு, துருவு, கீறு, கிள்ளு, கொத்து என்று எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒருவர் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டுத் தான் மட்டும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

சில வினைகள் போகத்தான் செய்யும், அதை ஒத்துக்கொள்கிறேன். கருவி போனால் வினையும் போகும். முறத்துக்கு மட்டும் புடைப்பது, கொழிப்பது, தெள்ளுவது, நாவுவது என்று நாலு இருந்தன. அரிசி பாக்கெட்டில் சுத்தமாக வருகிறபோது யார் கொழிக்கப் போகிறார்கள்? ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தபோதும் மாவு 'ஆட்டுவது' தப்பிப் பிழைத்தது ஆச்சரியம். அரிவாள்மனை போன வீட்டில் 'அரி' தேய்வதும் புரிகிறது. ஆனால் பிசிறுவதற்கு எந்தக் கருவியும் வேண்டாமே, எம். ஐந்து விரல் போதும். பிசிறு, பிசை, உதிர், கிள்ளு, ஆய் எல்லாம் வெறும் கை வினைகள். கை இருக்கும்போது அவை ஏன் போக வேண்டும்? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளை நீங்கள் புகார்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 'அதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சமும் கூசவில்லையா? டிவியோடு பேசுவது வயதானவர்களின் கோளாறு இல்லை. கால் சரியான பிறகு எங்கள் பெரியம்மா வாத்தியார் வீட்டுக்கு டிவி பார்க்க வருவார். தெருவே வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்கக் கூடும். பெரியம்மாவுக்குப் பிடித்தது நேயர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் 'எதிரொலி'. ஒவ்வொரு கடிதத்துக்கும் டிவியில் பதில் வரும் முன்பே இவர் பதில் சொல்லிவிடுவார். தெருவில் யாரும் அவரைச் 'சும்மா இரு' என்று சொன்னதில்லை. யாராவது பேசினால் திரும்பப் பேசுவதுதானே மரியாதை. உங்கள் மாமியார் அந்த மரியாதையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கும் தருகிறார்.

இணைப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எடுத்துவிட்டால் அவர் யாரிடம் 'பிசிறணும்' என்று சொல்வார்? சமையல் நிகழ்ச்சி வரும்போது உங்கள் மகளைப் பாட்டி பக்கத்தில் உட்காரவையுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் மாவும் உப்புத் தண்ணீரும் எடுத்து அவர்கள் இருவர் முன்னால் வையுங்கள். எரிச்சல் நியாயமா, வயதா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 38 ஒரு வயதே இல்லை.

எனக்கு ஓர் உதவி வேண்டும். எங்கள் பக்கம் மற்றக் கீரைகளை 'ஆய்வோம்', முருங்கைக்கீரையை மட்டும் 'உருவுவோம்'. சேலத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்கள் மாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்.