பிக்சல் எழுத்து ஏன் மங்குகிறது? தமிழில் அதை எப்படி வரைவது?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய ஆர்கேட் பாணியில் 'விண்கலம்' என்று ஒரு சின்ன கேம் செய்து வருகிறோம். ஆங்கில எழுத்துகளுக்கு 'பிரஸ் ஸ்டார்ட் 2பி' ஃபான்டைப் போட்டோம். சில இடங்களில் பளிச்சென்று இருக்கிறது, சில இடங்களில் ஓரம் மங்கிவிடுகிறது. தமிழில் தலைப்பு அடித்தால் அந்தப் பாணியே வருவதில்லை. ஏ3 போஸ்டரும் அடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான், கட்டம். கோடி பொய்ஸ்கிளேர் இந்த எழுத்துருவை 1980களின் நாம்கோ நிறுவனத்தின் ஆர்கேட் விளையாட்டுகளில் (காசு போட்டு ஆடும் இயந்திரங்களில்) இருந்த எழுத்துகளை வைத்து உருவாக்கினார். அந்தக் காலத்தில் திரையின் பின்னணி முழுவதும் 8க்கு 8 பிக்சல் சதுரங்களாகத்தான் நிரப்பப்பட்டது. 1980இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் திரை 224க்கு 288 பிக்சல். எட்டால் வகுத்துப் பாருங்கள்: 28 பத்தி, 36 வரிசை. சுவரும் மதிப்பெண்ணும் இந்தச் சதுரங்களுக்குள்தான். ஓர் எழுத்துக்கு ஒரு சதுரம்.

அதனால் திரையில் 8, 16, 24, 32 என்று எட்டின் மடங்காக மட்டும் அளவு வையுங்கள். 20 பிக்சல் வைத்தால் எழுத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டரை பிக்சல் வரும். அரை பிக்சலைத் திரையால் காட்ட முடியாது, சாம்பல் பூசிச் சமாளிக்கும். நீங்கள் பார்த்த மங்கல் பெரும்பாலும் அதுதான். உங்கள் மென்பொருள் பாயின்ட் கணக்கில் கேட்டால், வழக்கமான 96 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்) 12, 18, 24 போடுங்கள். எழுத்து நிற்கும் இடமும் முழு எண்ணாக இருக்க வேண்டும். கேமை உருவாக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில் ஃபான்டின் ஆன்டி-அலையசிங்கை, அதாவது ஓரத்தில் சாம்பல் பூசும் வசதியை, அணைத்துவிட்டு, ஃபில்டரை 'நியரஸ்ட்' (பக்கத்து நிறங்களைக் கலக்காமல் அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுப்பது) என்று மாற்றுங்கள்.

திரையைப் பெரிதாக்கும்போதும் இதே கணக்குதான். 320க்கு 180 என்று கேமை அமைத்தால் நான்கு மடங்கில் 1280க்கு 720, ஆறு மடங்கில் 1920க்கு 1080 சரியாக வரும். 1366க்கு 768 லேப்டாப்பில் நான்கு மடங்கோடு நிறுத்திச் சுற்றிலும் கறுப்பு ஓரம் விடுங்கள். இழுத்து நிரப்பினால் எழுத்து கெட்டுவிடும்.

இந்த எழுத்துருவில் நிமிர்ந்த கோடுகள் இரண்டு பிக்சல் தடிமன், படுத்த கோடுகள் ஒன்று. அந்தத் தடித்த தோற்றம் இதிலிருந்துதான் வருகிறது. இதற்கு மேல் 'போல்டு' பொத்தானை அழுத்தாதீர்கள், எழுத்தின் உள்துளைகள் அடைந்துபோகும். தலைப்பு, மதிப்பெண், மெனு ஆகியவற்றுக்கு இது பிரமாதம். கதை சொல்லும் நீண்ட வரிகளுக்கு வேண்டாம். மூன்றாவது வரியிலேயே கண் களைத்துவிடும்.

போஸ்டர் எளிது. எழுத்துரு வெக்டராக, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோட்டு வடிவமாக, இருப்பதால் அச்சில் எட்டின் மடங்கு தேவையில்லை. பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எந்த அளவிலும் ஓரம் கூர்மையாக நிற்கும். பத்து எழுத்துத் தலைப்பு என்றால் அகலம் 80 புள்ளி. புள்ளிக்கு 3 மி.மீ. என்று வைத்தால் 240 மி.மீ.; நிமிர்த்தி வைத்த ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ. என்பதால் இரு பக்கமும் நல்ல இடைவெளி கிடைக்கும். எழுத்து அளவு 68 பாயின்ட். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருவதால் கேமை விற்றாலும் பிரச்சினை இல்லை. ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

சரி, தமிழுக்கு வருவோம். இந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால்தான் கணினி வேறொரு ஃபான்டை எடுத்துப் போடுகிறது. அதே எட்டுக் கட்டத்தில் தமிழை அடைக்கவும் முடியாது. உங்கள் தலைப்பில் உள்ள 'ண்'ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழிக்கு மூன்று வெற்றிடம் வேண்டும், அவற்றைப் பிரிக்க நான்கு நிமிர்கோடுகள் வேண்டும். கோடு இரண்டு பிக்சல் தடிமன் என்றால் எட்டும் மூன்றும் பதினொன்று. எட்டு அகலத்தில் அதை நெருக்கினால் அது 'ன'வாகிவிடும். மேலே புள்ளிக்கும் 'வி'யின் கொக்கிக்கும் இடம் வேண்டும், 'கு', 'பூ' போன்றவற்றுக்குக் கீழேயும் வேண்டும்.

ஆகவே 16 பிக்சல் உயரம் எடுங்கள். நடு எட்டு வரிசை எழுத்தின் உடலுக்கு, மேலும் கீழும் நான்கு நான்கு. அகலத்தை எல்லா எழுத்துக்கும் ஒன்றாக வைக்க வேண்டாம்: 'ண்'ணுக்குப் பன்னிரண்டு கொடுத்தால் 'ல'வுக்கு ஒன்பது, பத்து போதும். ஆங்கிலத்தோடு ஒட்டி நிற்க நிமிர்கோடு இரண்டு, படுகோடு ஒன்று என்ற விதியை இங்கேயும் காப்பாற்றுங்கள். ஐந்தே எழுத்துதான், கையால் வரைந்துவிடலாம். பிஸ்கல் போன்ற இலவசக் கருவி போதும், கட்டம் போட்ட கணக்கு நோட்டு இன்னும் நல்லது. பேருந்து முகப்பில் ஓடும் எல்இடி பலகையையும் உற்றுப் பாருங்கள். புள்ளிகளை வைத்தே சுழிகளை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பது தெரியும்.

வரைந்ததை பிஎன்ஜியாகச் சேமித்து, பெரிதாக்கும்போது அங்கேயும் 'நியரஸ்ட் நெய்பர்' வையுங்கள். ஜேபெக் வேண்டாம். கேமுக்குள் வரும் நீண்ட தமிழ் வரிகளுக்கு முக்தா மலர் அல்லது கேட்டமரன் என்ற தமிழ் ஃபான்டைப் போடலாம். பாணி மாறுகிறதே என்று கவலைப்படாதீர்கள், வாசிக்க முடிவதுதான் முக்கியம்.

தலைப்பு முடிந்ததும், கேமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் உண்மையான அளவில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். 'வின்கலம்' என்று வாசித்தால் 'ண்'ணுக்கு இன்னும் ஒரு பத்தி கூட்டிக்கொள்ளுங்கள்.