நிப்பிசிங் ஏரியின் மேல் ஓர் இரவு: தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதங்களே ஆகின்றன என்றும், வேலையிடத்து நண்பர்கள் பெப்ரவரியில் குடும்ப தின விடுமுறையை ஒட்டி நிப்பிசிங் ஏரியின் மேல் ஓர் இரவு தங்கி மீன் பிடிக்க அழைக்கிறார்கள் என்றும், தொலைபேசியில் அதைக் கேட்ட நாளிலிருந்து கிளிநொச்சியில் அம்மாவுக்குச் சரியான உறக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உறைந்த ஏரியின் மேல் படுத்து உறங்குவது புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியமா, அந்தக் குளிரை நம்மால் தாங்க முடியுமா, எதையெல்லாம் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய் வாருங்கள் என்பதே என் பதில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு முறையாவது சிம்கோ ஏரிக்கோ நிப்பிசிங்குக்கோ போய் வருகிறேன். நான் கண்ட வரையில் அங்கே குளிர் நேரடியாக ஒருவருக்குச் செய்யும் கெடுதியைவிட, குளிருக்குப் பயந்து அவர் தாமே தேடிக்கொள்ளும் கெடுதிதான் அதிகம்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவின் பயம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதனால் ஏரி மேலிருந்து கீழாகவே உறைகிறது; அடியில் 4 பாகையை ஒட்டிய தண்ணீரும் அதில் மீன்களும் அப்படியே இருக்கின்றன, மேலே கிடக்கும் பனிக்கட்டி அவற்றுக்குப் போர்வையாகிவிடுகிறது. நிப்பிசிங் ஏறத்தாழ 870 சதுர கிலோமீற்றர் பரந்த ஏரியாக இருந்தாலும் அதன் சராசரி ஆழம் 5 மீற்றருக்கும் குறைவு. ஆழம் குறைந்த நீர் விரைவில் குளிர்ந்து உறையும் என்பதாலும், அது ரொறன்ரோவுக்கு வடக்கே மூன்றரை மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால் இருப்பதாலும், நமக்குப் பக்கத்திலுள்ள சிம்கோவைவிட அங்கே பனிக்கட்டியை நம்பிப் போகலாம். சிம்கோவில் ஆழம் குறைந்த குக்ஸ் குடா முதலில் உறையும். நடு ஏரி சில ஆண்டுகளில் ஒழுங்காக உறையாமலே போய்விடும்.

தெளிந்த, கறுத்துத் தெரியும் பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் தடித்திருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பதும், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 15, சிறிய காருக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் வேண்டும் என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பனி நனைந்து மீண்டும் உறைந்து வெள்ளையாகத் தெரியும் கட்டிக்கு வலிமை பாதிதான், ஆகவே அந்தக் கணக்கை இரட்டிப்பாக்க வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிந்தாலோ, ஆற்று வாய்க்கு அருகில் இருந்தாலோ, கணக்கே பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். ஓர் இடத்தில் அரை மீற்றர் தடித்திருக்கும் கட்டி, நூறு அடி தள்ளி நீரோட்டத்துக்கு மேலே ஒரு சாண்கூட இல்லாதிருக்கலாம். இதனால்தான் முதல் முறை போகிறவர் தாமாகக் கூடாரம் அடிக்காமல், ஏரிக்கரையில் இருந்துகொண்டு, பனிக்கட்டியின் மேல் வைத்த குடில்களை வாடகைக்கு விடுபவர்களிடம் முற்பதிவு செய்து போக வேண்டும் என்று சொல்கிறேன். அவர்கள் நாள்தோறும் துளையிட்டு அளந்து பார்த்தே பாதை போடுகிறார்கள். ஸ்னோமொபைலிலோ, 1940களில் கியூபெக்கில் செய்யப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலிப்பட்டி வைத்த பொம்பார்டியர் வண்டிகளிலோ உங்களைக் குடில் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். இரவுத் தங்கலுக்கான குடிலில் அடுக்குக் கட்டில்களும் புரோப்பேன் எரிவாயு அடுப்பும் தரையில் தூண்டில் துளைகளும் இருக்கும். கழிப்பறை மட்டும் ஒரு வாளிதான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்படியிருந்தும், நடந்து திரியும்போது கழுத்தில் ஒரு சோடி பனிக்குத்தூசி தொங்கட்டும். இருபது டொலருக்குள் கிடைக்கும், பிடியும் கூர்முனையுமாக இருக்கும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் தாமே பலமுறை இறங்கி ஆய்வு செய்த பேராசிரியர், 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தவுடன் மூச்சு இரைக்கும், அதை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். விழுந்தவர் உடனே இறந்துவிடுவார் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பினால் பதறி அடித்தே முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, வந்த திசைக்கே திரும்பி (அந்தப் பக்கத்துக் கட்டிதான் உங்களை இதுவரை தாங்கியது), குத்தூசியை ஊன்றி, நீந்துவதுபோலக் காலை உதைத்து வயிற்றால் மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும்.

இனிக் குளிர். நம்மவர்கள் செய்யும் முதற்பிழை, வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு புறப்படுவது. சாமான்களை ஏற்றி இறக்கிக் குடில் சேர்வதற்குள் உள்ளே வியர்த்துவிடும். அந்த ஈரம் இருட்டிய பிறகு உடம்போடு ஒட்டிக் குளிரும். இரண்டாவது பிழை பருத்தி. பருத்தி பெனியனும் ஜீன்ஸும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே தோலை ஒட்டி உரோமமோ செயற்கை இழையோ இருக்கட்டும், அதற்கு மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத உடை. மூன்றாவது, காலுறையை இரண்டு மூன்றாக இறுக்கிச் சப்பாத்துக்குள் திணிப்பது. விரல்கள் அசைய இடமில்லாவிட்டால் இரத்தம் ஓடாது, எத்தனை போட்டாலும் விறைக்கும். ஒரு தடித்த காலுறையும் ஓர் அளவு பெரிய சப்பாத்தும் போதும். சாராயம் சூடு தரும் என்று யாராவது ஊற்றித் தருவார்கள். அது உடம்பின் உட்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விடுகிறது, அதைத்தான் நாம் சூடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழையை நானே செய்தேன். நான் அப்போது வந்து மூன்றாவது குளிர்காலம். சிம்கோவில் நானும் இரு நண்பர்களும் துணிக்கூடாரம் ஒன்றை அடித்து, புரோப்பேன் ஹீற்றர் ஒன்றை நடுவில் வைத்துத் தங்கினோம். கீழ்விளிம்பால் காற்று ஊசிபோல வந்தது. நான் வெளியே போய்க் கூடாரத்தைச் சுற்றிப் பனியை அள்ளி அணைகட்டி, மேலேயிருந்த இரண்டு காற்றுத் துளைகளையும் துவாயால் அடைத்துவிட்டு, கெட்டிக்காரத்தனத்தை மெச்சியபடி படுத்தேன். தலை வலித்தது, குளிரால் என்று நினைத்தேன். அதிகாலை இரண்டரை மணிக்கு, நண்பர் ஒருவர் வேண்டாவெறுப்பாகக் கொண்டுவந்திருந்த மின்கலத்தில் இயங்கும் காபனோரொட்சைட்டு (ஹீற்றர் எரியும்போது சேரும் நச்சு வாயு) எச்சரிக்கைக் கருவி அலறியது. எழுந்தால் கால் தள்ளாடியது. கதவைக் கிழித்துக்கொண்டு மூவரும் தவழ்ந்து வெளியே வந்து, பூச்சியத்துக்குக் கீழே 19 பாகையில் காலுறையோடு பனியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தோம். அந்த வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது. குடிலில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது என்று வாடகைக்கு விடுபவர் சொன்னாலும், உங்களுடையது ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் இரவு முழுவதும் திறந்தே இருக்கட்டும். காற்று வந்தால் போர்வைக்குள் இன்னும் ஒரு முழம் நுழையுங்கள்.

மீன்பிடியைப் பொறுத்தவரை உங்களுக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை, இரணைமடுக் குளத்தருகே வளர்ந்தவர் நீங்கள். ஓகர் எனப்படும் திருகுத் துளைகருவியால் ஒரு சாண் அகலத்தில் துளை போட்டு, கரண்டியால் கூழ்ப்பனியை அள்ளி எறிந்துவிட்டு, முழங்கை நீளத் தூண்டிற்கோலால் ஈயக்குண்டு கட்டிய தங்கூசியை அடிவரை இறக்கி, அரை முழம் உயர்த்தி மெல்ல ஆட்ட வேண்டும். நிப்பிசிங்கில் பெயர் பெற்றது வோல்ஐ, இங்கத்தவர் பிக்கரல் என்பார்கள். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் அதற்கு மற்ற மீன்களைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பொழுது சாயும் ஒரு மணி நேரமும் விடியும் ஒரு மணி நேரமும்தான் உங்கள் நேரம். பேர்ச் என்னும் மீன் பகலில் கடிக்கும். நள்ளிரவில் இழுத்தால் அது பெரும்பாலும் லிங், விலாங்குபோல நீண்டு கையைச் சுற்றிக்கொள்ளும். நன்னீரில் வாழும் கொட் மீன் இனம் அது. அழகில்லாதது என்று பலர் எறிந்துவிடுகிறார்கள், ஆனால் முள் குறைந்த அந்த வெள்ளைச் சதையில் சொதி வைத்தால் குளத்து மீனை முகம் சுளித்துப் பார்க்கும் என்னைப் போன்ற யாழ்ப்பாணத்தானும் வாயை மூடிக்கொள்வான்.

பிடித்த மீனை வெளியே பனியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வால் வளைந்த கோலத்திலேயே விறகுபோலாகிவிடும். பனி வாளி தேவையில்லை, ஆனால் அந்த நிலையில் சுத்தம் செய்ய முடியாது, ஆகவே இரவுச் சமையலுக்கானதை உள்ளேயே வையுங்கள். புட்டு கட்டிப்பட்டுவிடும், ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுபோனால் போதும்.

ஒன்றாரியோச் சட்டப்படி பனியில் இரண்டு தூண்டில்கள் போடலாம். ஆனால் அவற்றிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்கவும், மறைப்பில்லாமல் பார்க்கவும் வேண்டும். நாங்கள் முறைவைத்து விழித்திருப்போம், எல்லோரும் உறங்குவதானால் தூண்டில்களைச் சுருட்டிவிடுவோம். எந்த மீன் எத்தனை, எந்த அளவில் என்பது ஏரிக்கு ஏரி மாறும், அந்த ஆண்டின் விதித்தொகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் மீனை எண்ணவும் இனம் காணவும் முடிகிற மாதிரி பொதி செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். இரவு வெப்பநிலை விழும்போது பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும். முதலில் தூரத்தில் ஒரு முழக்கம், பிறகு காலுக்கடியால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுவதுபோல ஓர் ஓசை மறுகரைவரை போகும். முதல் தடவை கேட்டபோது நான் எதையும் யோசிக்கவில்லை, கட்டிலிலிருந்து தரையில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடியிருந்தேன். நண்பர்கள் சிரிக்கவில்லை, அவர்களும் ஊரில் எறிகணை கேட்டவர்கள். உங்களுக்கும் அப்படி ஆகலாம், ஆனால் அது கட்டி உடையும் சத்தமல்ல, குளிர் கூடக் கூட அது தடித்து இறுகும் சத்தம். உங்களுடன் வரும் வேலையிடத்து நண்பர்களிடம் அதை முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அம்மாவிடம் குடிலின் இலக்கத்தையும், வாடகைக்கு விடுபவரின் தொலைபேசி எண்ணையும், கரைக்குத் திரும்பும் நேரத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏரியின் நடுவில் கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எடுக்காத ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் ஒரு கோயிலுக்கு நேர்த்தி வைப்பார். மீன்பிடி அனுமதிப்பத்திரத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். குடும்ப தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் அது இல்லாமலே ஒன்றாரியோவில் மீன் பிடிக்கலாம், எண்ணிக்கை வரம்பு மட்டும் குறைந்த அளவிலானது. அடையாள அட்டையை மறக்காமல் உள்சட்டைப் பையில் வையுங்கள்.