மச்சானின் காருக்காகக் கடையை மூன்றாவது தடவையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: லண்டனில் 19 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். கட்டடம் சொந்தம், இன்று விற்றால் 14 லட்சம் பவுண்ட் போகும், மோர்ட்கேஜ் பாக்கி 2,80,000. மனைவியின் அண்ணன் ஒரு ஆஸ்டன் மார்ட்டின் வல்கன் காரை 18 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறார். மூன்றில் ஒரு பங்காக 6 லட்சம் நான் போட வேண்டுமாம், ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்கிறார். கடையை ரீமோர்ட்கேஜ் செய்தால், அதாவது பழைய அடமானக் கடனை அடைத்துப் பெரிய புதுக் கடனாக எடுத்தால், எல்லாம் சேர்த்து 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். காருக்கான வருடச் செலவு 45,000, அதையும் மூன்றாகப் பிரிப்போம் என்கிறார். 2016ல் அவருடைய உணவகத்துக்கு 80,000, 2020ல் வீட்டுக்கு 1,20,000 இதே கடை மேல் கடன் எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் திரும்பி வரவில்லை. மறுத்தால் மனைவி வீட்டில் பேச்சு வரும். என்ன செய்ய?

பதில்: ரீமோர்ட்கேஜ் என்றால் என்ன, வட்டி எப்படி ஏறும் என்பதெல்லாம் 19 வருடம் கடை நடத்திய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தில் காரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பயம் தருவது 2016, 2020 என்று நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான். மச்சான் கேட்கும்போதெல்லாம் கை கடைப் பத்திரத்துக்குப் போகிறது. அவர் உணவகம் கேட்டிருந்தாலும் கார் கேட்டிருந்தாலும் என் பதில் இதேதான்.

இருந்தாலும் காரையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை. வல்கன் நிஜமாகவே அபூர்வமான வண்டி. 2015ல் ஜெனீவா கண்காட்சியில் காட்டினார்கள், மொத்தம் 24 தான் கட்டினார்கள். 7 லிட்டர் வி12 இன்ஜின், 800 குதிரைத் திறனுக்கு மேல். இதை ரோட்டில் ஓட்ட முடியாது, ரேஸ் தளத்துக்கென்றே செய்த வண்டி. வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனமே முதலில் சாதுவான கார்களில் பயிற்சி கொடுத்து, படிப்படியாகத்தான் இதில் உட்கார வைத்தது.

ஆனால் 24 தான் இருக்கிறது என்பது விற்பவருக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு பலவீனமும். பழைய பெராரி ஒன்றை வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய் வரலாம். இதை டிரெய்லரில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டு போக வேண்டும், போனாலும் இங்கிலாந்தில் பல தளங்களில் சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு, கூடவே ஒரு மெக்கானிக் கூட்டம் வேண்டும். இதையெல்லாம் செய்ய நேரமும் பணமும் ஆசையும் உள்ளவர்கள் மிகக் குறைவு, நீங்கள் விற்க நினைக்கும் மாதத்தில் அவர்களில் ஒருவர் வாங்கும் மனநிலையில் இருக்க வேண்டும். ரோட்டில் ஓட்டுகிற மாதிரி மாற்றிவிடலாம் என்று மச்சான் சொல்லக்கூடும். ஆர்எம்எல் என்ற நிறுவனம் ஒரு வல்கனை அப்படி மாற்றியது உண்மைதான், ஆனால் அது இந்த 18 லட்சத்துக்கு மேல் வரும் தனிச் செலவு.

இப்போது கணக்கு. 6 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடம் 42,000 வட்டி. பராமரிப்பில் உங்கள் பங்கு 15,000. ஆக வருடம் 57,000, ஐந்து வருடத்தில் 2,85,000. அசலையும் சேர்த்தால் 8,85,000. இது உங்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டும். அந்தப் பணம் உங்கள் கைக்குத் திரும்பி வரவே முழுக் காரும் சுமார் 26,50,000க்குப் போக வேண்டும், விற்றுக் கொடுப்பவருக்கு 5 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் கிட்டத்தட்ட 28 லட்சம். 18 லட்சத்துக் கார் 28 லட்சம் ஆனால்தான் உங்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இதைவிட முக்கியமான கணக்கு மாதாந்திரச் செலவு. செலவெல்லாம் போக, வட்டிக்கும் வரிக்கும் முன்னால் கடையில் வருடம் 90,000 நிற்கிறது என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மொத்தக் கடன் 8,80,000 ஆனால் வட்டியே 61,600, காருக்கு 15,000, ஆக 76,600 போய்விடும். மீதி 13,400. மாதம் 1,100 பவுண்ட், அதிலும் வரி கட்ட வேண்டும், அசலில் ஒரு பென்னிகூடக் குறையாது. எதிரில் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தால் போதும், கடை கைவிட்டுப் போகும்.

"இரட்டிப்பாகும்" என்பதை நம்பிப் பணம் கட்டியவர்களை இதே நாடு பார்த்திருக்கிறது. 1989ல் ஜாகுவார் எக்ஸ்ஜே220 காருக்கு 50,000 பவுண்ட் முன்பணம் கொடுத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நிறைய பேர் ஓட்டுவதற்காக அல்ல, விற்று லாபம் பார்ப்பதற்காக. 1992ல் கார் கைக்கு வரும் நேரத்தில் பொருளாதார மந்தம், கார் விலையோ ஒப்புக்கொண்டதைவிட எங்கேயோ மேலே போயிருந்தது. பலர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரப் போராடினார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. 350 கட்டத் திட்டமிட்ட நிறுவனம் 300ஐக்கூட எட்டவில்லை.

அப்புறம், பெரும்பாலானவர்கள் யோசிக்காத ஒன்று. ரோட்டில் ஓடும் காருக்கு டிவிஎல்ஏ என்ற அரசு வாகனப் பதிவு அலுவலகம் கொடுக்கும் வி5சி பதிவுத் தாள் உண்டு. அதுவே உரிமைக்குச் சான்று இல்லை, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறது என்றுதான் காட்டும். ரோட்டுக்கே வராத வண்டிக்கு அந்தத் தாள்கூட இருக்காது. விற்பனை ரசீது மச்சான் பெயரில் இருந்தால், உங்கள் 6 லட்சத்துக்கு இருக்கும் சான்று வாட்ஸ்அப் செய்தி மட்டும்தான். கடன் உங்கள் பெயரில், கார் அவர் பெயரில். 2016லும் இதேதான் நடந்தது, 2020லும் இதேதான்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கார் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது" என்று அவர் சொல்லியிருப்பார். அந்த விலக்கு சாதாரணப் பயணிகள் காருக்கு. ரேஸ் கார்களை வரித்துறை அந்த வகையில் சேர்ப்பதில்லை, தேய்ந்துபோகும் இயந்திரம் என்ற வேறு வழியில் விலக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதைக் கணக்காளர் எழுத்தில் தர வேண்டும். இந்த மாதிரிக் கார்களைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு விற்கும் செயலி ஒன்றின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திறக்கவே வேண்டாம். பங்கை யாருக்கு, எந்த விலைக்குத் திருப்பி விற்பது என்பதற்கு அதில் நேரான பதிலே இல்லை.

சரி, வீட்டில் எப்படிச் சொல்வது? முதலில் மனைவியிடம், மச்சானிடம் அல்ல. மேலே உள்ள 13,400 கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். பிறகு மச்சானிடம், "கடை மேல் இனி யாருக்காகவும் கடன் எடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். கார் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குப் போகாதீர்கள், அதில் அவர்தான் ஜெயிப்பார்.

பழைய 2,00,000 பவுண்டை மறக்கவும் வேண்டாம். மாதம் 500 வந்தாலும் சரி, ஒரு சொலிசிட்டரிடம் (வக்கீலிடம்) போய் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பத்திரமாக்குங்கள். 2016 கடனுக்கு எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் வழக்குப் போட்டு வசூலிக்கும் காலக்கெடு முடிந்துவிட்டதா என்ற கேள்வி வரும், அதனால் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். 18 லட்சத்துக்குக் கார் பேசுகிறவர் மாதம் 500 கொடுக்க முடியாது என்று சொன்னால், அதையும் மனைவி நேரில் கேட்கட்டும்.