பசியோடு வீட்டுக்குப் போங்கள்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 19 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பாத்திரம் கழுவும் இடத்தில் தொடங்கி இன்று மேற்பார்வையாளராக இருக்கிறேன். 38 பேருக்கு டியூட்டி பட்டியல் போடுவதும், ஒவ்வொரு வேளையும் ஏறத்தாழ 1,800 மாணவர்களுக்கு உணவு தயாராவதைக் கவனிப்பதும் என் பொறுப்பு. ஆண்டுக்கு ஐந்தாறு முறை பிற வளாகங்களின் சமையற்கூடங்களுக்கு ஆய்வுக்கும் பயிற்சி கொடுக்கவும் அனுப்புகிறார்கள். வார விடுமுறையில் விடியற்காலையில் நண்பர்களுடன் பறவைகளைப் படமெடுக்கப் போவேன். வழியிலேயே சாப்பிட்டுவிட்டு நண்பகலில் திரும்பித் தூங்கிவிடுவேன். குடிப்பழக்கம் கிடையாது. பணியிடத்திலேயே சாப்பிட்டுவிடுவதால் மனைவிக்கு எனக்காகச் சமைக்கும் சிரமம்கூட இல்லை. இப்போது மாதத்தில் பத்து நாட்கள் வெளியூரில் இருக்க வேண்டிய பயிற்சியாளர் பதவியைத் தருகிறார்கள். இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போய் வாருங்கள், இங்கே ஒன்றும் மாறாது" என்று மனைவி சம்மதித்துவிட்டார். ஆனால் 16 வயது மகள், பயணத்தின்போது இரவு பத்தரை மணிக்கு நான் அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாள். அவளுக்காகத்தான் உழைக்கிறேன் என்பதை எப்படிப் புரியவைப்பது? தேவைப்பட்டால் கேமராவை விற்றுவிடவும் தயாராக இருக்கிறேன்.

பதில்: தம்பி, பதவியைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் அவற்றுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: "பணியிடத்திலேயே சாப்பிட்டுவிடுவதால் மனைவிக்கு எனக்காகச் சமைக்கும் சிரமம்கூட இல்லை." குடிப்பழக்கம் கிடையாது என்பதற்கு அடுத்த வரியாக, உங்கள் நற்குணங்களில் ஒன்றாக இதை எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்குச் செய்துவரும் உதவி என்றே இத்தனை காலமும் இதை நினைத்திருக்கிறீர்கள்.

பணியில் 19 ஆண்டுகள், மகளுக்கு வயது 16. அப்படியானால் அந்தப் பெண் பிறந்ததிலிருந்து இன்றுவரை, தன் தந்தை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதை எத்தனை முறை பார்த்திருப்பாள்? வேலை நாளில் இல்லை. விடுமுறை நாளிலும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள். பசி என்ற ஒன்று இல்லாதவராகவே ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அப்படி வருகிறவரை அந்த வீட்டார் எதற்காக எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்?

உங்கள் தொழிலின் கடினம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. என் உடன்பிறந்த அண்ணன் பல ஆண்டுகள் ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் சாப்பிடும் நேரமெல்லாம் உங்களுக்கு உழைப்பு நேரம் என்பதும், பரிமாறத் தொடங்குவதற்கு முன்பு அவசரமாகவோ எல்லோரும் போன பிறகு நின்றுகொண்டோ நாலு வாய் சாப்பிடுவதுதான் வழக்கம் என்பதும், பகல் முழுவதும் அடுப்பின் அனலிலும் தாளிப்பின் வாசனையிலும் நின்றவருக்கு உணவைப் பார்த்தாலே அலுப்பு வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் உங்களைச் சோம்பேறி என்றோ பொறுப்பற்றவர் என்றோ நான் சொல்ல மாட்டேன். பொறுப்பு உங்களிடம் அளவுக்கு மேலேயே இருக்கிறது. அதைச் செலவிடும் இடத்தைத்தான் குறை சொல்கிறேன்.

சமைத்த உணவு பரிமாறும் மேசையில் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது, அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, எடுத்து வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வேண்டும் என்று வெப்பமானியும் குறிப்பேடுமாக நிற்பவர் நீங்கள். பிற வளாகங்களுக்குப் போய் நீங்கள் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். 'ஹாசப்' (HACCP) என்று நீங்கள் எல்லோரும் சொல்கிற அந்த உணவுப் பாதுகாப்பு முறை, 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவானது. உணவு தயாரான பிறகு அதைச் சோதித்துப் பார்த்துக் கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிப்பதில் பயனில்லை. எந்தெந்தக் கட்டத்தில் கெட வாய்ப்பிருக்கிறதோ அந்தக் கட்டங்களை முன்கூட்டியே அறிந்து அங்கே காவல் நிற்க வேண்டும் என்பதுதானே அதன் அடிப்படை? மகள் தொலைபேசியை எடுக்கவில்லை என்பது கடைசியில் செய்யும் சோதனை. கெடத் தொடங்கிய கட்டம் எது என்பதை உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறை என்று அறியாமல் பெருமை என்று எழுதியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடிதத்தின் இன்னொரு பகுதியை இங்கே இடம் கருதிச் சுருக்கிவிட்டேன். ஆனால் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு வாரமாகத் தட்டில் வைத்ததைத் தொடாமலேயே திருப்பிக் கொடுத்ததைத் தட்டு திரும்பும் இடத்தில் நின்று கவனித்து, விடுதிக் காப்பாளரிடம் சொல்லி, அந்தப் பிள்ளைக்கு உரிய உதவி கிடைக்கச் செய்ததாக எழுதியிருந்தீர்கள். படித்தபோது என் கண்கள் கலங்கின. உலகில் 2022ஆம் ஆண்டில் வீணான 105 கோடி டன் உணவில் கால் பங்குக்கும் மேலானது உங்களுடையது போன்ற உணவுக்கூடங்களிலும் உணவகங்களிலும் வீணானது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. மாணவர்கள் மிச்சம் வைப்பதை எடை போட்டு, எந்த நாளில் எது பிடிக்கவில்லை, எந்த வாரத்தில் தேர்வுப் பதற்றத்தால் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். உங்கள் மகளின் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எதை ஒதுக்கி வைக்கிறாள், எந்த நாளில் பேசாமல் எழுந்துவிடுகிறாள், பள்ளியில் ஏதாவது நடந்த அன்று எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவள் பக்கத்தில் உட்காருகிற ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை. அது உங்கள் மனைவிக்குத் தெரியும். அதனால்தான் மகள் மனைவியிடம் பேசுகிறாள்.

இரவு பத்தரை மணிக்கு வேறோர் ஊரிலிருந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள். நம் மொழியில் அதைவிடப் பிரியமான கேள்வி அதிகம் இல்லை. ஆனால் ஒரு நாளும் கூட உட்கார்ந்து சாப்பிடாத ஒருவர் அதைக் கேட்கும்போது, டியூட்டியில் இருப்பவர் கணக்கெடுப்பதைப் போலத்தான் அந்தப் பெண்ணின் காதில் விழும். ஒற்றைச் சொல்லுக்கு மேல் அவள் என்ன சொல்வாள்?

மனைவி சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "போய் வாருங்கள், இங்கே ஒன்றும் மாறாது" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதற்காக உங்களைக் கண்டிக்கவே செய்வேன். நீங்கள் பத்து நாட்கள் இல்லாமல் போனாலும் இந்த வீட்டின் ஒரு நாள்கூட வேறு மாதிரி ஆகாது, அந்த அளவுக்கு ஏற்கெனவே நீங்கள் இங்கே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதையும் சண்டை போடாமல், குரல் உயர்த்தாமல் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் ஒருவருக்காகத் தட்டு வைத்துக் காத்திருந்து, பிறகு வைப்பதையே நிறுத்திக்கொண்ட பெண்ணின் பேச்சு அது. சமைக்கும் சிரமம் குறைந்ததற்காக அவர் உங்களுக்கு என்றாவது நன்றி சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள்.

கேமராவை விற்க வேண்டாம். அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைத் தியாகம் செய்துவிட்டு, உங்களுக்காக இதையும் விட்டேன் என்று நாளைக்கு மகளிடம் சொல்லிக்காட்ட அது ஒரு வழியாகிவிடும். உழைக்கும் மனிதனுக்குத் தனக்கென்று ஒரு விடியற்காலை வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. போய்ப் படமெடுங்கள். ஆனால் வழியில் சாப்பிடாமல் காலை உணவுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது அந்த டியூட்டி பட்டியல். 38 பேருக்கும் அதைப் போடுகிறவர் நீங்கள்தான். கைக்குழந்தை இருக்கும் ஒரு பெண்ணுக்குக் காலை ஷிப்ட் மாற்றிக் கொடுத்ததாகவும், வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் சமையற்காரருக்கு இரவு வேலை போடாமல் தவிர்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உங்கள் பெயரை ஒவ்வோர் இரவும் கடைசிவரை நிற்கும் இடத்தில் எழுதியது யார்? நிர்வாகம் எழுதவில்லை, நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் இரவுக் கணக்கும் சுத்தமும் சரியாக நடக்காது என்பதை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் பயணத்தில் நீங்கள் ஒரு வாரம் இல்லாதபோதும் அந்தக் கூடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு இரவுகளை உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவரிடம் ஒப்படையுங்கள். அந்த இரண்டு நாட்களிலும் ஊழியர்களுக்கான உணவைத் தொடாதீர்கள். ருசி பார்க்கும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, பசியோடு வீட்டுக்குப் போங்கள். முன்னதாகவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று வந்து உட்கார்ந்து அவருடைய பங்கைச் சாப்பிடுவது நியாயமாகாது.

விடுமுறை நாளில் ஒரு வேளை நீங்களே சமையுங்கள். 1,800 பேருக்குச் சமைக்கத் தெரிந்தவருக்கு மூன்று பேருக்குச் சமைப்பது முதலில் தடுமாற்றமாகத்தான் இருக்கும். அளவை வகுத்துக்கொண்டே போனால் சரியாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய பாத்திரத்தில் ஆவியாகும் நீரின் பங்கு குறைவு, சிறிய பாத்திரத்தில் அதிகம், உப்பும் காரமும் கணக்குக்குக் கட்டுப்படாது. முதல் முறை கெட்டுப்போனால் போகட்டும். தந்தை சமைத்து ஒன்று சரியாக வராமல் போனதை அந்தப் பெண் பார்ப்பது நல்லதுதான். மனைவி சமைத்ததைப் பற்றி மட்டும் உங்கள் தொழில்முறைக் கருத்து எதையும் சொல்லாதீர்கள். உப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் எல்லாம் கெட்டுவிடும்.

மகள் முதல் சில நாட்கள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போகக்கூடும். கூப்பிடாதீர்கள், கோபப்படாதீர்கள், உனக்காகத்தான் உழைக்கிறேன் என்ற அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். எப்படிப் புரியவைப்பது என்று என்னிடம் கேட்டீர்கள். நான் சொல்லித்தர மாட்டேன், ஏனென்றால் அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பணம் எங்கிருந்து வருகிறது என்று 16 வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுவது கடமை என்பதில் சந்தேகமில்லை; ஆனால் அதைச் செய்துவிட்டதற்காக மற்றக் கடமைகளிலிருந்து ஒருவருக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது என்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. நீங்கள் மேசையில் உட்கார்ந்திருங்கள். அவள் வருகிறபோது வரட்டும்.

இனி அந்தப் பதவி. கடன் இருக்கிறது என்றோ சம்பளம் போதவில்லை என்றோ நீங்கள் எழுதவில்லை. "மரியாதையான பதவி" என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து மேலே வந்தவருக்கு அந்த ஆசை இருப்பதில் தவறில்லை, அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியதும்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மகளுக்கு 16 வயது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவளும் ஏதோ ஒரு கல்லூரிக்குப் போவாள்; பெரும்பாலும் ஏதோ ஒரு விடுதியில் தங்கி, உங்களுடையதைப் போன்ற ஓர் உணவுக்கூடத்தில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பாள். அவள் சாப்பிடுகிறாளா என்று அன்றைக்குக் கவனிக்கப் போகிறவர் உங்களைப் போன்ற யாரோ ஒரு மேற்பார்வையாளராக இருப்பார். அதுவரை உங்கள் வீட்டில் அவள் சாப்பிடப் போகும் வேளைகளை எண்ணிவிடலாம். அதில் மாதத்துக்குப் பத்து நாட்களை இப்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள்.

ஆகவே பதவியை இரண்டு ஆண்டுகள் கழித்து ஏற்கிறேன் என்று கேளுங்கள். உணவுக்கூடம் நிரம்பி நடக்கும் நாட்களில்தான் ஆய்வு செய்ய முடியும் என்பதால் பயணத்தை விடுமுறைக் காலத்துக்குத் தள்ள முடியாது என்று சொல்வார்கள், அது உண்மைதான். அப்படியானால் மாதத்துக்கு நான்கு நாட்களுக்கு மேல் இல்லை என்று கேளுங்கள். மீதி நாட்களுக்கு இன்னொருவரைப் பயிற்றுவித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பயிற்றுவிப்பதுதானே உங்கள் தொழில்? இரண்டுக்கும் இசையவில்லை என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். 19 ஆண்டுகள் பழுதில்லாமல் வேலை பார்த்தவருக்கு இன்னொரு வாய்ப்பு வராது என்று நான் நம்பவில்லை. வராமலே போனாலும் என் பதில் இதுதான்.

மாத இறுதிக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. பதவியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு மாலை சாப்பிடாமல் வீட்டுக்குப் போய், உங்கள் தட்டை நீங்களே எடுத்து வைத்துக்கொண்டு, "ஒன்றும் மாறாது" என்று சொன்னாயே, அதற்கு என்ன பொருள் என்று மனைவியிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்க நேரமாகும். கை காய்ந்து போனாலும் பரவாயில்லை, அதுவரை எழுந்திருக்காதீர்கள்.