மாமா சொன்னார்னு கடன் வாங்கிட்டு வராதீங்க தம்பி

ஏற்காடு நாகலூர்ல இருந்து கேட்டிருக்கீங்க. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சாச்சு, ரெண்டரை லட்சம் கட்டினா சிங்கப்பூர் ஷிப்யார்டுல வெல்டர் வேலைன்னு மாமா சொல்றார், வரலாமா, ரூம் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமான்னு. படிச்சதும் நான் சிங்கப்பூர் வந்த 2008 ஞாபகம் வந்துருச்சு. ரூம் சாப்பாடெல்லாம் வந்தா தானா தெரிஞ்சுரும். அந்த மாமா விஷயத்தை மட்டும் சொல்றேன்.

எனக்கும் ஒரு மாமா இருந்தார். எங்க வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை, அப்பா கொலுசுப் பட்டறை. ஸ்கூல் விட்டு வந்தா நேரா பட்டறைதான். கண்ணி கோத்து, வெங்காரம் தடவி, ஒட்டுப்பொடி வெச்சு ஊதுகுழல்ல தீயை ஊதி ஒட்டணும், இதைத்தான் பத்த வைக்கறதுன்னு சொல்வோம். வெங்காரம் முதல்ல பொரிஞ்சு பொங்கும், அப்புறம் கண்ணாடியாட்டம் அடங்கும், அதுக்கப்புறம் பொடி சட்டுனு பளபளன்னு ஓடும், அந்த நொடி தீயை எடுத்துரணும், ஒரு மூச்சு கூடப் போனா கண்ணியே உருகி உருண்டையாயிரும், அன்னிக்குக் கூலி போச்சு, முதுகுல ஒண்ணு விழும். எனக்கு அது சுத்தமா புடிக்காது. எலக்ட்ரீஷியன் ஆகணும்னு ஆசை. ஐடிஐல சேரப் போன அன்னிக்கு, ஒரு ஜோடிதான்டா பாக்கி, பத்த வெச்சுட்டுப் போன்னு அப்பா உட்கார வெச்சுட்டார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எலக்ட்ரீஷியன் சீட் முடிஞ்சு போச்சு, மிச்சம் இருந்தது வெல்டர். எட்டாவது பாஸ் போதும், ஒரே வருஷம், அப்ப யாரும் சீண்டாத ட்ரேடு. ஒரு ஜோடி கொலுசு லேட்டானதுல முடிவானதுதான் தம்பி என் தொழில்.

அப்புறம் மாமா ஏஜென்டைக் கூட்டிட்டு வந்தார். 1,80,000 ரூபா. அம்மா நகை அடகுக்குப் போச்சு, மிச்சம் மூணு வட்டிக்கு. இங்க வந்து பார்த்தா வெல்டரும் இல்லை ஒண்ணும் இல்லை, கிரைண்டிங் ஹெல்பர், நாளைக்கு 18 வெள்ளி. இங்க டாலரை வெள்ளின்னுதான் சொல்வாங்க, வெள்ளி வேலை வேணாம்னு ஓடி வந்தவனுக்கு நல்லா வேணும்!

வந்த ஆறாவது மாசம் எங்க ஃபோர்மேன், சீனர், நல்ல மனுஷன், ஞாயித்துக்கிழமை வந்து ஆர்கான் வெல்டிங், அதான் ஆர்கான் வாயு விட்டு அடிக்கறது, கத்துக்கறியான்னு கேட்டார், காசு வேணாம். நான் முடியாதுன்னுட்டேன். ஞாயிறு வேலைக்குப் போனா டபுள் சம்பளம், வட்டி யார் கட்டுறது. கூட இருந்த ஆத்தூர் பையன் கடன் இல்லாம வந்தவன், அவன் போனான், ரெண்டு வருஷத்துல பைப் வெல்டர் ஆயிட்டான். நான் கிரைண்டரைப் புடிச்சுக்கிட்டே நின்னேன். இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

எனக்கு அடுத்த சான்ஸ் 2011ல. ஒரு பைப் வெல்டர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டார், ஆள் இல்லாம ஃபோர்மேன் டார்ச்சை என் கையில குடுத்து டெஸ்ட் பீஸ் அடிச்சுப் பாருன்னார். ஹெல்மெட்டை இறக்கினா ஒரே இருட்டு, நடுவுல சொட்டு அளவுக்கு உருகின இரும்பு. அது ஓடப் போற நொடி எனக்கு முன்னாடியே தெரியுது தம்பி, பட்டறைல பார்த்த அதே ஓட்டம். மூணாவது பீஸ்ல ரூட், அதாவது மூட்டோட அடியில போடற முதல் ஓட்டம், சரியா வந்துருச்சு. அடுத்த வருஷம் சிக்ஸ் ஜின்னு ஒரு வெல்டிங் டெஸ்ட், பைப்பை 45 டிகிரி சாய்ச்சு வெச்சு சுத்தி அடிக்கணும், எக்ஸ்ரேல ஒரு ஓட்டை இல்லை. அப்பாவுக்கு ஃபோன்ல சொன்னா, ஊதாம எப்படிடா பத்துதுன்னு கேட்டார்.

ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம், அதான் இங்க இருக்கற லிட்டில் இந்தியா, வந்தா பார்ப்பீங்க, முழுக்க என் உழைப்புலதான் வந்தேன்னு லெக்சர் குடுக்கறவங்களை. பாதிப் பேருக்கு மச்சான் கம்பெனிலயே இருந்திருப்பான். இன்னும் சிலர் ஊர்ப்பாசம்னு சொல்லிட்டு தலைக்கு இவ்வளவுன்னு ஏஜென்ட்கிட்ட கமிஷன் வாங்குவாங்க. உங்க மாமா அப்படின்னு நான் சொல்லலை, ஆனா கேட்டுப் பாருங்க.

இந்தியாவுல பதிவு பண்ணின ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இங்க இருக்கற ஏஜென்ட் பர்மிட்டோ கான்ட்ராக்டோ இருக்கற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாச சம்பளம்னு, அதிகபட்சம் ரெண்டு மாச சம்பளம்தான் வாங்கலாம். அப்ப அந்த ரெண்டரை லட்சம் எதுக்குன்னு கணக்கு கேளுங்க. ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி ஐபிஏ லெட்டர், அதாவது உங்க வேலை பர்மிட்டுக்கு சிங்கப்பூர் அரசாங்கம் குடுக்கற முன் அனுமதி, கைக்கு வரணும், தமிழ்லயும் இருக்கும், அதுல என்ன வேலை, பேசிக் எவ்வளவு, புடித்தம் எவ்வளவுன்னு நீங்களே படிங்க, மாமா படிச்சுச் சொல்ல வேணாம். அதுல வெல்டர்னு இல்லைன்னா நீங்க வெல்டர் இல்லை, அவ்வளவுதான். மாமாகிட்ட நேரா மறுக்க முடியலைன்னா, லெட்டர் வரட்டும் மாமா, பார்த்துட்டுப் பணம் கட்டலாம்னு சொல்லுங்க. கோவிச்சுக்குவார், பொங்கலுக்குள்ள சரியாயிரும்.

நானெல்லாம் இப்ப காலைல மிளகாய்ச் சம்பலோட நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிடற ஆளு, ஃபோர்மேன்கிட்ட சீனத்துலயே சண்டை போடுவேன். ஆனா நம்ம சேலத்து தட்டுவடை செட்டுக்கு இங்க இன்னும் ஒரு வழி கிடைக்கலை.

ஸ்வெட்டர் கேட்டீங்கல்ல, இங்க வருஷம் பூரா வேர்வைதான். அதை ஏற்காட்டுலயே அப்பாவுக்குக் குடுத்துட்டு வாங்க, காப்பிப்பழம் பறிக்கப் போறப்ப போட்டுக்குவார்.